பேட்டரி இல்லாத பன்னிரண்டு போன்கள்

1.

முதலில் ஓர் ஒப்புதல். இது கதையாகப் பிறந்ததல்ல, துண்டுப்பிரசுரமாகப் பிறந்தது. என் தங்கை வேலை பார்க்கும் பட்டறையில் பழைய போன்களை வாங்கிப் பிரிக்கிறார்கள். அங்கே வரும் பொதுமக்களுக்குக் கொடுக்க எட்டுக் குறிப்புகள் கொண்ட ஒரு தாள் வேண்டும் என்று மேனேஜர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் கதை எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியாது. கடிதம் எழுதுகிறவன் என்று தெரியும். தெருவிளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, மாடிப்படியில் கைப்பிடி இல்லை என்று தேதி, பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு நான் எழுதினால் பதில் வந்தே தீரும் என்று என் தங்கை அங்கே பெருமையடித்து வைத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் படித்த சிற்றூர்ப் பள்ளியில் வேறு எதைக் கற்றோமோ இல்லையோ, பத்தி எண் போடக் கற்றோம்.

முதல் ஐந்து குறிப்புகளை ஒரே காலையில் முடித்தேன்.

அ. போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

ஆ. நனைந்த போனை உடனே அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஆன் செய்யாதீர்கள்.

இ. உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள்.

ஈ. பழைய போனைக் கொடுக்கும் முன் சிம்மை எடுத்துவிட்டுப் படங்களையும் எண்களையும் அழித்துவிடுங்கள்.

உ. உடைந்த போனை இழுப்பறையில் வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அதற்குள் இருக்கும் உலோகம் இன்னொரு போனாகப் பிறக்கும்.

ஊ. காது கருவி அணிபவர்கள் போன் வாங்கும்போது

அந்த ஊ அங்கேயே நிற்கிறது. அதைச் சரியாக எழுதுவதற்காக ஒருவரிடம் விவரம் கேட்கப் போனேன். போன இடத்தில் துண்டுப்பிரசுரம் முடிந்து இது ஆரம்பித்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் என் தங்கை. அவள் காற்புள்ளி திருத்திய பிறகுதான் எதுவும் தபாலுக்குப் போகும். இந்தக் கதைக்குள்ளோ அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று நினைக்கிறேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே இதை அவளுக்குக் காட்டும் முன்பே உங்களிடம் கொடுக்கிறேன். இருபது வருடத்தில் இது முதல் முறை.

2.

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "பகல் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு, பேட்டரி இல்லாத ஒரு போன் அவளை அக்கா என்று கூப்பிட்டது."

(நல்ல வாக்கியம்தான். அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. பேய்க் கதைக்குக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் வாக்கியம் மாதிரி இருக்கிறது. நடந்தது அதுவேதான் என்றாலும்.)

இரண்டாவது தொடக்கம்: "எடைக்காரருக்கு வயது முப்பத்தொன்று."

(ஒருவர் வயதைச் சொல்லித் தொடங்கினால் அவர் சாகப்போகிறார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே ஆளைக் கொல்ல மனம் வரவில்லை.)

மூன்றாவது தொடக்கம் மேசையைப் பற்றியது. அதை வைத்துக்கொள்கிறேன்.

பட்டறை ஒரு நீளமான கூடம். இரண்டு மேசைகள். முதல் மேசையில் போனின் முதுகைத் திறந்து பேட்டரியை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எடைபோட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேட்டரி அறையில் அடுக்குவது எடைக்காரரின் வேலை. பேட்டரி போன பிறகு போன் இரண்டாவது மேசைக்கு வரும். அங்கே என் தங்கை. அவளைத் தாண்டினால் நொறுக்கும் இயந்திரம். ஒரு பேட்டரி தப்பித்தவறி அந்த இயந்திரத்துக்குள் போனால் தீப்பிடிக்கும். அப்படிப் போகாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. அதைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறாள்.

அவளுக்கு இரண்டு காதும் மந்தம். இரண்டிலும் கருவி. வலது காதுக் கருவியின் முதுகில் நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. 'எம்' என்ற பக்கம் இருந்தால் அறையின் ஓசை கேட்கும். 'டி' பக்கம் தள்ளினால் அறை அடங்கிவிடும். கருவிக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள், போன் ஸ்பீக்கரின் காந்தத்தை மட்டும் கேட்கும். காது கேளாதவர்கள் போனில் இடைஞ்சல் இல்லாமல் பேசுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. என் தங்கை அதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தாள். உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும் போனை டி-யில் வைத்த காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கிர்ர்' என்று ஒரு இரைச்சல் வரும். இரைச்சல் வந்தால் உள்ளே எங்கேயோ உயிர் இருக்கிறது. வராவிட்டால் நொறுக்கலாம். வேலை நேரத்தில் இடது கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வலதை டி-யில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு போனாகக் காதில் வைத்து எடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் நாள் முழுக்க நூறு பேரிடம் பேசுவது போலவும் யாரும் பதில் சொல்லாதது போலவும் தோன்றும்.

"எல்லாருக்கும் காது இருக்குண்ணா. எனக்குத்தான் சுவிட்ச் வச்ச காது" என்பாள். "உன் பேச்சு போரடிச்சா தட்டிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

ஒவ்வொரு போனுக்கும் சீட்டில் வரிசை எண், நேரம், 'இல்லை' அல்லது 'சத்தம்'. இதை யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. அவளாக எழுதினாள். பிறகு அதுவே பட்டறையின் விதியாகிவிட்டது.

3.

நிற்க. அவள் சொன்னதை அவள் வாயாலேயே தருகிறேன். எடைக்காரரின் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, துவைத்த துணியை மடித்தபடி என்னிடம் சொன்னது.

"சாப்பாட்டு நேரம்ணா. எல்லாரும் வெளிய போயிட்டாங்க. நான் முன்னாடியே சாப்பிட்டாச்சு. மெஷின் நின்னுருச்சு, ஃபேன் மட்டும் ஓடுது. எனக்கு அதுவும் கேக்கல, டி-ல இருக்கேன். நாப்பத்தொண்ணாவது போன். திறந்து பாத்தா பேட்டரி இல்ல. காதுல வச்சா 'அக்கா'ங்குது."

"யார் குரல்?"

"தகரத்தை ஆணியால கீறினா வருமே, அப்படி ஒரு குரல். ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. தூரத்துலேருந்து, ஆனா காதுக்குள்ளயே. கீழ வச்சுட்டேன். சரி, இதுலதான் ஏதோ கோளாறுன்னு அடுத்ததை எடுத்தேன். அதுவும் 'அக்கா'ங்குது."

"எழுந்து ஓட வேண்டியதுதானே?"

"ஓடுறதா? சீட்டுல யார் எழுதுறது?"

அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"சத்தம் வந்தா 'சத்தம்'னு எழுதி ஓரமா வைக்கணும். எழுதினேன். எழுதி எழுதி வச்சேன். பன்னிரண்டு போன்ணா! ஒண்ணுலயும் பேட்டரி இல்ல. ஒவ்வொண்ணும் 'அக்கா, அக்கா'ன்னு. நடுவுல வேற என்னமோ சொல்லுது, அது சரியா விளங்கல. திரும்பிப் பாத்தேன், கூடத்துல ஈ காக்கா இல்ல. எம்-க்கு மாத்தினேன், ஃபேன் சத்தம்தான். டி-க்கு மாத்தினேன், 'அக்கா'."

"அப்புறம்?"

"பதிமூணாவது போன் பேசல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. கருவியை எம்-ல போட்டுட்டு, வாசல் குழாய்ல மூஞ்சி கழுவப் போனேன். போன கொஞ்ச நேரத்துல கூடம் முழுக்கப் புகை."

பேட்டரி அறையில் உப்பியிருந்த ஒரு பேட்டரி வெடித்து, பக்கத்துத் தொட்டியும் பற்றிக்கொண்டது. தீயைவிடப் புகைதான் அதிகம். எடைக்காரர் உள்ளே இருந்தார். கதவைத் திறந்தபோது மணி ஒன்றே முக்கால்.

தங்கை இதற்கு ஒரு பொருள் வைத்திருந்தாள். "எத்தனை பேர் எத்தனை வருஷம் பேசின போன். அவ்வளவு பேச்சும் எங்க போகும்? அதுல ஏதோ ஒண்ணு என்னை எழுப்பி வெளிய அனுப்பிச்சுண்ணா. இல்லைன்னா அந்தப் புகையில நானும் போயிருப்பேன்."

எடைக்காரரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, இதே கதையைத் தங்கையின் வாயால் கேட்டுவிட்டுப் போகிறாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆவிக் கதை ஆறுதல் தருமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்து அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

* விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு, மேற்படி மனைவியின் சார்பில் விண்ணப்பம் எழுதியவன் நானே. நகல் வந்தது. "முதல் மூச்சிலேயே நினைவிழந்திருப்பார், எதையும் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை" என்று ஏழாம் பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒன்பதாம் பத்தியில், அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று தரையில் கிடந்ததாக இருந்தது. அதைப் படித்துக் காட்டவில்லை. அது முக்கியமாகத் தோன்றவில்லை.

4.

எடைக்காரர் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம்.

அவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை பார்த்த ஆளை வைத்துக் கதை எழுதினால் மிச்சத்தை நாமே தைக்க வேண்டியிருக்கிறது. முதல் பிரதியில் அவர் எப்போதும் சீட்டியடிப்பார் என்று எழுதினேன். அடிக்க மாட்டாராம். இரண்டாவது பிரதியில், பேட்டரி அறையில் திருட்டுத்தனமாகப் புகைபிடிப்பார் என்று எழுதினேன். அப்படி எழுதியதும் கதை சட்டென்று இலகுவாகிவிட்டது. அவர் தப்பு, அவர் சாவு, முடிந்தது. செத்தவன் தலையில் பழியைப் போடுவது எழுதுகிறவனுக்கு எவ்வளவு வசதி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

நிஜமாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருமுறை தங்கைக்குக் குடை கொடுக்கப் போனபோது என் கையில் பதிவுத் தபாலுக்கான உறை இருந்தது. அவர் அதை வாங்கித் தன் தராசில் வைத்தார்.

"இருபத்திமூணு கிராம் சார். புகார் கனமாத்தான் இருக்கு."

"போதுமா, இன்னும் ரெண்டு பத்தி சேர்க்கவா?"

"சேருங்க சார். தராசு தாங்கும். வாங்குற ஆபீசர் தாங்குவாரான்னுதான் தெரியல."

சாகும்போது அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. என் தங்கையை அக்கா என்பார். அங்கே எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மேனேஜர் உள்பட.

(எட்டு மாதம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். ஆறாம் பத்தியில் தேவைப்படும்.)

5.

குறிப்பு ஊ-வுக்காக நான் விவரம் கேட்கப் போனது காது கருவி பழுதுபார்க்கிறவரிடம். மாடிக்கடை. இரண்டு நாற்காலி, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, பொத்தான் அளவு பேட்டரிகள் நிறைந்த கண்ணாடிப் பெட்டி. அவர் கடையில் எல்லாரும் உரக்கப் பேசுவதால் அவர் மட்டும் மெதுவாகப் பேசுவார்.

"டி சுவிட்ச் போனுக்கு மட்டும்தானே?" என்று கேட்டேன்.

"யார் சொன்னா? சில கூட்ட அரங்கத்துல சுவரோரமா ஒரு ஒயரைச் சுத்தி விட்டிருப்பாங்க. மேடையில பேசுற மைக் அந்த ஒயர்ல ஓடும். டி-ல போட்டுட்டு நடுவுல உக்காந்தா, பேசுறவர் காதுக்குள்ளயே வந்து நின்ன மாதிரி இருக்கும். போனே வேணாம் சார். ஒயர் இருக்கணும், அதுல ஓட்டம் இருக்கணும். அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டேன். சும்மா இருக்காமல், சிரிப்பாக இருக்கும் என்று நினைத்து, என் தங்கையின் பன்னிரண்டு போன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சின்ன திருப்புளியைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார்.

"எந்தப் போனை எடுத்தாலும் பேசுச்சா?"

"ஆமாம்."

"எல்லாத்துலயும் ஒரே குரல்?"

"ஆமாம்."

"அப்ப பேசினது போன் இல்ல சார்." பேட்டரிப் பெட்டியை மூடினார். "மேசைக்கு அடியில பாருங்க."

6.

பார்த்தேன்.

துண்டுப்பிரசுரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தங்கைக்கு விடுமுறையான ஒரு நாள் காலை போனேன். கூடத்தில் ஆள் குறைவு. மேசைக்கு அடியில் மண்டியிட்டேன். சாம்பல் நிற ஒயர் ஒன்று சுவரிலிருந்து வந்தது. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன், மிச்சமான நீளத்தை வெட்டி எறிய மனமில்லாமல், மேசையின் நான்கு பக்கச் சட்டத்திலும் நான்கைந்து சுற்றுச் சுற்றி ஆணியடித்துவிட்டுப் போயிருந்தான். அதன் முனையில் ஒரு காலத்தில் ஒரு ஸ்பீக்கர் இருந்திருக்க வேண்டும். இப்போது ஸ்பீக்கர் இல்லை. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். சுவர், ஜன்னல் மேல்பக்கம், முற்றம், பேட்டரி அறை. கதவுக்குப் பக்கத்தில் உள்சுவரில் ஒரு பெட்டி. பொத்தானுக்கு மேலே புகையில் கறுத்த விளக்கு. அழுத்தினேன். சிவப்பாக எரிந்தது.

"அதுவா சார்? இன்டர்காம்" என்றார் என் பின்னாலேயே வந்த வாட்ச்மேன். "வெள்ளையடிச்சப்போ அந்தப் பக்கம் ஸ்பீக்கரைக் கழட்டிட்டாங்க. அது செத்து ரெண்டு வருஷமாச்சே. எல்லாருக்கும் தெரியும்."

எட்டே மாதம் வேலை பார்த்தவருக்கு?

போன் எல்லாம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது பட்டறை விதி. அறைக் கதவு தீப்பாதுகாப்புக்காகத் தானாக மூடிக்கொள்ளும். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டால், உள்ளே இருப்பவருக்கு மிச்சம் இருப்பது ஒரு பொத்தானும் அதற்கு மேல் நம்பிக்கையாக எரியும் ஒரு சிவப்பு விளக்கும். விளக்கு எரிந்தால் யாரோ கேட்கிறார்கள் என்றுதானே பொருள்? அந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவின் மேசைக்கு. அதனால்தான்

[இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். விட்டுவிடுகிறேன்.]

ஒரு சோதனை செய்து பார்க்காமல் நான் எதையும் எழுத மாட்டேன். பழுதுபார்க்கிறவரிடம் ஒரு பழைய கருவியை இரவல் வாங்கி வந்திருந்தேன். அதைக் காதில் செருகி, டி-யில் தள்ளி, இன்னொரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு, தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்தேன். உலகம் அணைந்தது. எதிரே எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. கூடத்தின் மறுகோடியில் ஒருவர் இருமினார், வாய் மட்டும் அசைந்தது. வாட்ச்மேனைப் பேட்டரி அறைக்கு அனுப்பி, புதுக் கைப்பிடி போட்டிருந்த கதவைச் சாத்திக்கொண்டு, பொத்தானை அழுத்தி ஏதாவது பேசச் சொல்லியிருந்தேன். அவருக்கு அந்த அறை பிடிக்காது. "பகல்தானே" என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

கையில் ஏதாவது இருக்கட்டும் என்று மேசையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தேன். முதுகு திறந்த, பேட்டரி இல்லாத போன்.

"சார், கேக்குதா?" என்றது அது.

வாட்ச்மேனுக்குக் கனத்த குரல். இது அவர் குரல் இல்லை. தகரத்தில் ஆணி. ஆணா பெண்ணா தெரியவில்லை.  போனைக் கீழே வைத்துவிட்டேன், குரல் நிற்கவில்லை. எதையும் கையில் எடுக்காமலே கேட்டது. நான் மேசையின்மேல் குனியக் குனியக் குரல் நெருங்கி வந்தது.

கேட்டதை நோட்டில் எழுதினேன். மூன்று வாக்கியங்கள். வாட்ச்மேன் திரும்பி வந்ததும், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"'சார், கேக்குதா'ன்னேன். 'என்ன பேசுறதுன்னு தெரியல சார்'னேன். அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னீங்களே?"

"இல்லியே சார். பொத்தானை விட்டுட்டு வந்துட்டேன். அங்க எவன் நிப்பான்?"

நோட்டில் இருக்கும் மூன்றாவது வாக்கியத்தை இங்கே எழுதப்போவதில்லை. எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் காது தானே ஒன்றைச் சொல்லிக்கொள்ளும். அப்படித்தான் இருக்க வேண்டும். இரவல் கருவி வேறு.

* தங்கையின் சீட்டை அன்றைக்குப் பார்த்தேன். வரிசை எண் 41, மணி 1:10, சத்தம். 42, 1:11, சத்தம். இப்படியே 52, 1:21, சத்தம். 53, 1:22, இல்லை. அழகான கையெழுத்து. ஓரிடத்தில்கூட நடுங்கவில்லை. ஒரு மனிதர் முதல் மூச்சிலேயே நினைவிழக்கவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று அதுதான். எழுதியவள் கையில் பேனா இருந்தது, எழுந்து நாற்பது அடி நடந்தால் கதவு இருந்தது.

7.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், நான் எதை மறைக்க வேண்டும் என்று சொன்னேன் என்பது. பேய் என்று நம்பும்வரை என் தங்கை காப்பாற்றப்பட்டவள். ஒயர் என்று தெரிந்தால் அவள் வேறொருத்தி.

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவு: பன்னிரண்டு போன்களும் பேசின. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கதை முடிந்தது. தங்கை படித்துக் காற்புள்ளி திருத்துவாள். நானும் அவளும் இன்னும் இருபது வருடம் நன்றாக இருப்போம்.

இரண்டாவது முடிவு: அண்ணன் தங்கையை உட்காரவைத்துச் சொல்கிறான். அவள்

(அவள் என்ன செய்வாள் என்று எழுத வரவில்லை. கூடப் பிறந்தவள். நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில். அவள் அழுவாளா, சீட்டை எடுத்து வைத்துப் பார்ப்பாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லையே.)

மூன்றாவது முடிவு: அண்ணன் போய் மேசைக்கு அடியிலிருக்கும் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடுகிறான்.

மூன்றாவதைச் செய்யலாம் என்று தீர்மானித்தேன். அதற்கு முன் இரவல் கருவியைத் திருப்பிக் கொடுக்க மாடிக்கடைக்குப் போனேன்.

"பாத்தீங்களா?" என்றார் பழுதுபார்க்கிறவர்.

"பாத்தேன். என் தங்கச்சிக்கு மட்டும் தெரியவே கூடாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

அவர் கருவியை வாங்கித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், அவங்க மூணு மாசம் முன்னாடியே இங்க வந்து இதே கேள்வியைக் கேட்டாங்க. இதே நாற்காலிதான். இதே பதிலைத்தான் சொன்னேன். அவங்களா உங்ககிட்ட சொல்வாங்கன்னு இருந்தேன்."

8.

அன்று சாயங்காலம் இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும், ஆறாம் பத்தி உள்பட, அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பென்சிலால் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினாள்.

"நாப்பது அடி இல்ல" என்றாள். "அறுபது. முற்றத்தை விட்டுட்டே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே. சீட்டைப் பாத்தேன். அந்தத் தம்பி தொட்டியைத் தூக்கிட்டு உள்ள போனது ஒண்ணு அஞ்சு. என் மேசையைத் தாண்டித்தான் போச்சு. என்னைப் பாத்துக் கையாட்டிட்டு. ஒண்ணு பத்துலேருந்து ஒண்ணு இருபத்தொண்ணு வரைக்கும் சத்தம். கூட்டிப் பாக்கத் தெரியாதவளா நான்? ஒயரை மட்டும்தான் அப்புறம் தேடிக் கண்டுபிடிச்சேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட அந்தப் பேய்க் கதை?"

"உன்கிட்ட சொல்லிப் பழகினேன்."

எனக்கு விளங்கவில்லை.

"துக்கம் கேக்கப் போன இடத்துல, வாய் தவறி, அன்னைக்குப் போனெல்லாம் அக்கான்னு கூப்பிட்டுச்சுன்னு அந்தத் தம்பி பொண்டாட்டிகிட்ட உளறிட்டேன்ணா. அவ அழுகையை நிறுத்திட்டு நிமிந்து பாத்தா. 'அக்கான்னா? எப்படி? ரெண்டு தடவையா சேத்துக் கூப்பிட்டுச்சா?'ன்னு கேட்டா. அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அக்காக்கா-ன்னு, அவசரமா. ஆமான்னேன். 'அப்புறம்?'ன்னா. அந்த ஞாயித்துக்கிழமையே வந்துட்டா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா ஒருத்தி ஒரே பேய்க் கதையைப் பதினாறு வாரமா வந்து கேப்பா? போன மாசம் பட்டறைக்கே வந்தாண்ணா. 'சத்தம்'னு எழுதி ஓரமா வச்ச பன்னிரண்டும் தட்டுலயே இருக்கு, சோதிக்காம நொறுக்கக்கூடாது. அதை ஒவ்வொண்ணா எடுத்துக் காதுல வச்சுப் பாத்தா. நல்ல காது அவளுக்கு. பன்னிரண்டையும் வச்சுப் பாத்துட்டு, 'எனக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா'ன்னா. நான் என்ன சொல்ல? என் கருவியைக் கழட்டி அவ காதுல மாட்டிவிடவா?"

"ரெண்டு பேரும் நேரா பேசிக்கலாமே."

"பேசினா அவன் பதினோரு நிமிஷம் கூப்பிட்டான், நான் உக்காந்து எழுதினேன்னு ஆயிடும். அதுக்கப்புறம் அவ நம்ம வீட்டுப் படி ஏற முடியுமா? இல்ல நான்தான் கதவைத் திறக்க முடியுமா? போன் பேசுச்சுன்னா அவளும் வரலாம், நானும் சொல்லலாம்."

 பிறகு, கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன்.

"நிஜமா கடைசியா என்ன சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னது. என்னோட இருக்கட்டும்."

"அவகிட்ட என்ன சொல்லுவே?"

"வாரத்துக்கு ஒண்ணு. முதல் வாரம், 'பயப்படாதீங்க'ன்னு சொல்லுச்சுன்னேன். அடுத்த வாரம், 'வீட்டுல சொல்லிடுங்க'. ஒரு வாரம் பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துச்சுன்னேன். ஒரு வாரம், யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லுச்சு, பேர் சரியா கேக்கலைன்னேன். அவ தலையைக் குனிஞ்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சா." தங்கை கண்ணாடியைக் கழற்றினாள். "நீ ரெண்டு மேசையையும் ஒரு ஒயரையும் வச்சுக்கிட்டு ஏழு பத்தி எழுதிட்டே. நான் பதினாறு வாரமா ஒரு வாக்கியத்தை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். யாருண்ணா கதை எழுதுறது?"

"நீதான்" என்றேன்.

"இந்த வாரத்துக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. தீந்துபோச்சு. நீ ஒரு வாக்கியம் குடு."

9.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எழுதுகிறேன்.

"என்னைத் தேடாதீர்கள் என்றது." (பொய். தேடச் சொல்லித்தான் கூப்பிட்டார்.)

"வலியில்லை என்றது." (விசாரணை அறிக்கையின் ஏழாம் பத்தி மாதிரி இருக்கிறது.)

"எல்லாரும் சாப்பிட்டாச்சா என்றது." (கொஞ்ச நேரம் இது சரியாக இருந்தது. பிறகு சரியாக இல்லை.)

"கதவு" (வேண்டாம்.)

வருடத்துக்கு நூறு கடிதம் எழுதுகிறவன். பதில் வரும்படி எழுதத் தெரிந்தவன். ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுந்து, படியிறங்கி, இன்னொரு வாரத்தைக் கடத்துவதற்குத் தேவையான ஒரே ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. அது உண்மையாக இருக்கக் கூடாது. பொய்யாகவும் இருக்கக் கூடாது. ஒரு தகரக் குரலில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மூச்சுக் குறைவாக இருப்பவர் சொல்வது, ஆகையால் சிறியதாகவும் இருக்க வேண்டும்.

வாசல் கதவு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றுகிறாள். தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தொடங்கிவிட்டாள். சாப்பாட்டு நேரம், எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், நாற்பத்தொன்றாவது போன். எதையும் விடாமல், அவசரமில்லாமல் சொல்கிறாள். எனக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறாள். நடுநடுவே இந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

இதுவரை வந்துவிட்ட நீங்கள் இனி வெளியாள் இல்லை. அந்த மேசையில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், பன்னிரண்டு போனையும் காதில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இந்தத் தாளை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். பேனா மேலே இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுங்கள். நீங்கள் எழுதியதைத் தங்கை அப்படியே சொல்வாள். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்த மாட்டாள்.

ஐம்பது வந்துவிட்டது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டாவது போனைக் காதில் வைத்துவிட்டாள். எடைக்காரரின் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலி நுனிக்கு வருகிறாள்.

"அப்புறம்?" என்கிறாள்.